கை என்னுது, வாய் உன்னுது

அக்காவுக்கு நன்றி சொல்ற மாதிரி கஷ்டமான வேலை ரங்கூன்ல வேற கிடையாது. சொல்லிப் பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும். தமிழ்ல "ரொம்ப நன்றிக்கா"ன்னாலும் சரி, பர்மீஸ்ல "சேசூ தின்பாதே"ன்னு குனிஞ்சு சொன்னாலும் சரி, வாங்கிக்கவே மாட்டாங்க. கையில இருக்கிற சீப்போட வாலால சுவத்தைக் காட்டுவாங்க. "எனக்கு எதுக்கு? அங்க வை." அவ்வளவுதான் பேச்சு. நாம சுவத்தைப் பாத்துட்டுத் திரும்பறதுக்குள்ள அடுத்த தலையில சிக்கெடுக்க ஆரம்பிச்சிருப்பாங்க.

அந்தச் சுவத்துல இருந்தவங்க எல்லாரும் அமெரிக்கக் கறுப்பு மக்கள். பாட்டுக்காரங்க, வாத்தியாருங்க, மருத்துவச்சி, ரயில்ல பெட்டி தூக்கினவர், பருத்திக்காட்டுல நிமிர்ந்து நிக்கிற ஒரு அம்மா. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பேரு, இங்கிலீஷ்ல, பர்மீஸ்ல, தமிழ்ல. ரங்கூன்ல இது எங்கேருந்து வந்துச்சுன்னு நீங்க கேக்கலாம். நானும் முதல் நாள் அப்படித்தான் வாயைப் பிளந்துக்கிட்டு நின்னேன்.

இடத்தைச் சொல்லிடறேன். கியாக்டடாவுல, சூலே பகோடாவைச் சுத்தி பஸ்ஸுங்க ஒண்ணை ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்குமே, அந்த ரோட்டுலேருந்து பிரியற ஒரு சந்து. பழைய கட்டடம், இருட்டுப் படி, மாடி. முன்னறையில ரெண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலை கழுவ ஒரு தொட்டி. மீதி இடம் பூரா புத்தகம். கறுப்பு மக்களோட சரித்திரம், சமையல், பாட்டு, ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறது, கதைங்க, சின்னப் பிள்ளைங்க படப்புத்தகம்னு தரையிலேருந்து உத்தரம் வரைக்கும் அடுக்கியிருக்கும். முடி பின்ற கடையும் அதுதான், லைப்ரரியும் அதுதான். எது முதல்லன்னு கேட்டா, "உக்காந்தா கடை, எந்திரிச்சா லைப்ரரி"ன்னு சொல்லுவாங்க.

எங்க ஊர் மாடி வீடுகள்ல பால்கனியிலேருந்து ஒரு கயிறு தெருவுக்குத் தொங்கும். கீழ் நுனியில கிளிப்பு, மேல மணி. பேப்பர்காரன் கயித்தை இழுத்து மணியடிச்சு, பேப்பரைக் கிளிப்புல மாட்டிட்டுப் போயிடுவான், வீட்டுக்காரங்க மேல இழுத்துக்குவாங்க. அக்கா வீட்டுக் கயித்துல புத்தகம் இறங்கும். ஆனா ஏறாது. "மழை வருதுக்கா, மாட்டி விட்டுடறேன், இழுத்துக்கோங்க!"ன்னு கீழேயிருந்து கத்துவாங்க. "ஏறி வந்து என்ன படிச்சேன்னு சொல்லிட்டுப் போ"ன்னு பால்கனியிலேருந்து பதில் வரும். முழங்கால் வலிக்காரிங்களுக்கு மட்டும் சலுகை. அவங்களுக்காக அக்காவே இறங்கிப் போய் முதல் படியில உக்காந்து கேப்பாங்க.

நான் அங்க போனது படிக்கிறதுக்கு இல்லை. சவுரி வாங்கப் போனேன்.

அப்போ எனக்கு வேலை சூலே பக்கத்துல ஒரு அழகுசாதனக் கடையில. வெள்ளையாக்குற கிரீம் விக்கிறது. அடுப்புக்கரி கலர்ல இருந்துக்கிட்டு நான் வெள்ளைக் கிரீம் வித்தேன்னா பாத்துக்கோங்க! முதலாளியம்மா என்னைக் கல்லா மேசைக்குப் பின்னாடி பாதி மறையற மாதிரிதான் நிக்க வெப்பாங்க. அது போகட்டும். கலரைக் கூட நான் சட்டை பண்ணலை. என் தலைமுடி இருக்கே, அதுதான் என்னோட ஜென்ம சத்துரு. சுருட்டை, அடர்த்தி, மழைக்காலம் வந்தா உப்பிக்கிட்டு நிக்கும். பள்ளிக்கூடத்துல "கலாமா முடி"ன்னு சொல்லி அதுல பென்சிலைச் செருகி, விழுதா பாக்கலாம்னு சிரிப்பாளுங்க. கலாமான்னா இந்தியாக்காரின்னுதான் அர்த்தம். ஆனா அவளுங்க சொல்ற தொனியில அது வசவு.

அந்த வருஷம் தண்ணித் திருவிழா முடிஞ்ச கையோட ஆத்துக்கு அந்தப் பக்கம் தன்லியின்லேருந்து என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரங்க. வீட்டுல பர்மீஸ்தான் பேச்சு. மாப்பிள்ளைக்கு அங்கேயே ஒரு ஃபாக்டரியில வேலை. எல்லாரும் என் தலையையே பாத்துக்கிட்டிருந்தப்ப, அவர் மட்டும் என் தட்டுல லப்பே, அதான் ஊற வெச்ச தேயிலை, தீந்து போச்சான்னு பாத்து, தன் பக்கத்துக் கிண்ணத்தை எனக்குத் தள்ளி வெச்சார். எனக்கு அங்கேயே மனசு விழுந்துடுச்சு. இவர்தான்னு முடிவு பண்ணிட்டேன். போகும்போது அத்தை, அதான் அவரோட அம்மா, என் கன்னத்தைத் தட்டி, "பொண்ணு பிடிச்சிருக்கு. முடியை மட்டும் நேராக்கிக்கோம்மா. போட்டோவுல நல்லா விழும்"னாங்க. கல்யாணம் தை மாசம்னு பேச்சு.

விட்டேனா? அடுத்த வாரமே எங்க வீடு இருக்கிற தாகேதாவுல, சந்தையில நேராக்குற கிரீம் ஒண்ணு வாங்கி வந்து, வீட்டுல தனியா உக்காந்து பூசிக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல உச்சந்தலை தீயாட்டம் எரியுது. கழுவித் தொலைச்சிருக்கணும். ஆனா எங்க ஊர்க்காரிக்கு அப்படித் தோணுமா? எங்களுக்கு எல்லாத்துக்கும் தனகாதானே? வெயிலுக்குத் தனகா, பருவுக்குத் தனகா, வேர்க்குருவுக்குத் தனகா. அந்தத் தனகாக் கட்டையைச் சந்தனம் மாதிரி கல்லுல உரசி, குழைச்சு, அந்தக் கிரீமுக்கு மேலேயே தோசைமாவு கணக்கா அப்பிட்டேன். ஆகா, என்ன குளுமை! ஃபேனுக்குக் கீழே உக்காந்து காய வேற வெச்சேன். காஞ்சு ஓடாப் பிடிச்சுக்கிச்சு. பேத்து எடுத்தா, ஓட்டோட முடியும் சேந்து வந்துடுச்சு. உச்சியில உள்ளங்கை அகலத்துக்கு மொழுக்குன்னு ஆயிடுச்சு.

அன்னைக்கு நான் அழுத அழுகை தாகேதாவுக்கே கேட்டிருக்கும். முடி கொட்டின பொண்ணுன்னா வியாதிக்காரின்னு ஒரே பேச்சா முடிச்சிடுவாங்க. கல்யாணம் நின்னுடும். லப்பே கிண்ணம் வேற வீட்டுப் பக்கம் போயிடும். எங்கம்மாகிட்ட மட்டும் சொன்னேன். தலையில துணியைக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போனேன். சந்துல ஒரு மாடியில முடி சம்பந்தமா என்னமோ பண்றாங்கன்னு கேள்விப்பட்டு அந்தப் படியேறினேன்.

"சவுரி இருக்காக்கா?"

"இல்லை."

"விக்கு மாதிரி ஏதாவது?"

"அதுவும் இல்லை. நாற்காலி இருக்கு. துணியை அவுத்துட்டு உக்காரு."

நாப்பது வயசு இருக்கும் அவங்களுக்கு. ஒல்லி. என்னை விடக் கறுப்பு. தலை நிறைய மெல்லிசு மெல்லிசா பின்னின சடைங்க, அதை மொத்தமா தூக்கி ஒரு லுங்கித் துணியால கட்டியிருந்தாங்க. என் தலையைப் பாத்து 'உச்' கொட்டலை. முகத்தைச் சுளிக்கலை. விரலால ஓரத்தை மெதுவாத் தொட்டு, "என்ன போட்டே?"ன்னு கேட்டாங்க. கிரீம்னேன். "கிரீமுக்கு மேல?" தனகான்னேன். சிரிச்சாங்க பாருங்க! சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, மூச்சு வாங்கச் சிரிச்சாங்க. எனக்கு வந்ததே கோபம். எந்திரிச்சுப் போயிடலாம்னு பாத்தா, என் வாயும் கோணிக்கிச்சு. அந்த விபத்துக்கப்புறம் நான் முதமுதலா சிரிச்சது அப்பதான்.

அப்புறம் தயோ மரப் பட்டையும் சீயக்காயும் ஊறின தண்ணியை எடுத்து வந்து, புண்ணுல படாம சுத்தி மட்டும் கழுவினாங்க. துடைச்சாங்க. என் மடியில ஒரு புத்தகத்தைப் போட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. தலைக்கு வைத்தியம் பண்ண வந்தா இவங்க என்ன புத்தகத்தைக் கொடுக்கறாங்க?

"படி."

"இது இங்கிலீஷ்ல இருக்குக்கா. என் இங்கிலீஷ் கிரீம் டப்பா இங்கிலீஷ்."

"அந்த டப்பாவைப் படிச்சுத்தானே தலையில கொட்டிக்கிட்டே? இதையும் படி. முடி பின்ன நேரமாகும். கை என்னுது, வாய் உன்னுது."

அதுதான் அந்த இடத்தோட சட்டம். நாற்காலியில உக்காந்தவ சத்தமா படிக்கணும். தெரியாத வார்த்தையை அக்கா சொல்லுவாங்க. ஒரு பக்கம் முடிஞ்சதும் படிச்சதைப் பர்மீஸ்லேயோ தமிழ்லேயோ சொல்லணும். பக்கத்து நாற்காலியும், தரையில உக்காந்து முறைக்குக் காத்திருக்கிறவங்களும் கேப்பாங்க. கரெண்டு போனா ஃபேன் நிக்கும், படிக்கிறது நிக்காது. பால்கனிப் பக்கமா நாற்காலியைத் திருப்பிடுவாங்க.

இது அக்கா கண்டுபிடிச்சது இல்லையாம். அப்படித்தான் அடிச்சுச் சொல்லுவாங்க. கல்யாணம் ஆகி அமெரிக்கா போனவங்க அவங்க. அங்க அந்தக் கல்யாணம் என்னாச்சுன்னு கேட்டா, "அது வேற புத்தகம், கிழிஞ்சு போச்சு"ன்னு சீப்பை அழுத்தி வாருவாங்க, அதுக்கப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க. தனியா நின்ன சமயத்துல ஒரு கறுப்பு அம்மாவோட முடிக்கடையில துண்டு துவைக்கிற வேலை கிடைச்சிருக்கு. அங்க சடை பின்றதுன்னா காலையில உக்காந்தா சாயங்காலம் ஆகுமாம். பின்றவ கை சும்மா இருக்காது, ஆனா காது சும்மாத்தானே இருக்கு? அதனால உக்காந்திருக்கிறவங்க படிப்பாங்களாம். படிச்ச புத்தகத்தை அங்கேயே விட்டுட்டுப் போவாங்களாம். அப்படியே சேந்து சேந்து அந்தத் தெருவுக்கே அது லைப்ரரி ஆயிடுச்சாம். அக்கா தன் அம்மாவைப் பாத்துக்க ரங்கூனுக்குத் திரும்பினப்ப, துணிமணியை விட்டுட்டுப் பெட்டி பெட்டியா புத்தகத்தைக் கொண்டு வந்தாங்க. சுவத்துல நடுவுல இருந்த படம் அந்த அம்மாவோடது. சீப்பு வால் பெரும்பாலும் அங்கேதான் நீளும்.

நான் தினமும் வேலை முடிஞ்சு போக ஆரம்பிச்சேன். தலைக்கு எண்ணெய் வெக்கத்தான்னு எங்கம்மாகிட்ட சொல்லுவேன். உண்மையில வெண்டைக்காய் எப்படிக் கப்பலேறி அந்த ஊருக்குப் போச்சுன்னு பாதியில விட்டது எனக்குத் தெரிஞ்சாகணும். நம்ம வெண்டைக்காய், நம்ம காராமணி, அவங்க வீட்டு அடுப்புலேயும் வேகுதுன்னு படிச்சப்ப எனக்குச் சொந்தக்காரங்க ஊருக்குப் போன மாதிரி இருந்துச்சு. ஒரு நாள் ரயில்ல வேலை பாத்தவங்களைப் பத்தின பக்கம் வந்துச்சு. பெட்டி தூக்கற, படுக்கை விரிக்கிற ஆளுங்க எல்லாரையும் பயணிங்க ஒரே பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாம். ஆளுக்கொரு பேரு இருக்கும்னு யாருக்கும் தோணலையாம். அதைப் பர்மீஸ்ல சொல்ல ஆரம்பிச்சேன். பாதியில நின்னுட்டேன். பென்சில் செருகினவளுங்க ஞாபகம் வந்துச்சு. அக்கா பின்றதை நிறுத்தலை. "மெதுவாச் சொல்லு, அவசரமில்லை"ன்னு மட்டும் சொன்னாங்க.

பேரு விஷயத்துல அவங்க ராட்சசி. ஒரு தடவை மழைக்காத்துல ஒரு படத்தோட பேர்ச்சீட்டு பறந்து போயிடுச்சு. அன்னைக்கே படத்தைக் கழட்டி உள்ள வெச்சுட்டாங்க. அமெரிக்காவுக்குப் போன் போட்டு, அந்த முடிக்கடை அம்மாவைக் கேட்டு, எழுத்துக்கூட்டி வாங்கி எழுதின பிறகுதான் மறுபடி மாட்டினாங்க. "பேரில்லாம ஒருத்தரைச் சுவத்துல நிக்க வெக்கறது அவமரியாதை"ன்னாங்க. நம்ம வீட்டுப் பெரியவங்க படத்தையும் கொண்டு வரச் சொல்லுவாங்க, எதிர்ச் சுவத்துல மாட்ட. எங்கப்பாவோட தாத்தா துறைமுகத்துல மூட்டை தூக்கினவர். கூலியாளுங்க வரிசையா நிக்கிற பழைய போட்டோ ஒண்ணு எங்க வீட்டுல இருந்துச்சு. பெருமையா கொண்டு போனேன். "இதுல யார் யாரு?" தாத்தாவைத் தவிர யாரையும் எனக்குத் தெரியலை. "கேட்டுக்கிட்டு வா"ன்னு படத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. எனக்குக் கடுப்பா வந்துச்சு. ஆனாலும் சொந்தக்காரங்க வீடு வீடா அலைஞ்சேன். தாத்தா பக்கத்துல நின்னவரோட பேத்தி எங்க தெருக்கோடியிலேயே மொகிங்கா, அதான் மீன்குழம்பு நூடுல்ஸ், வித்துக்கிட்டிருந்தாங்க. எத்தனை வருஷமா அவங்க கையால சாப்பிட்டிருக்கேன், தெரியாமலே போச்சே! எல்லாப் பேரும் கிடைக்கலை. கிடைச்ச பேரை எழுதி, மத்தவங்களுக்குக் கீழே கோடு போட்டு இடம் விட்டு மாட்டினாங்க.

இப்படி இருக்கையில ஜூன் மாசம் வந்துச்சு. அமெரிக்காவுல அடிமைத்தனம் ஒழிஞ்ச சேதி ஒரு பக்கத்து மக்களுக்கு ரொம்பத் தாமதமா வந்து சேந்ததாம். வந்து சேந்த நாளை அவங்க கொண்டாடுவாங்க, சிவப்பா ஏதாவது குடிப்பாங்க. அக்காவும் மாடியில கொண்டாடுவாங்க. சிம்பவுங்னு நாங்க சொல்ற புளிச்சக்கீரையோட சிவப்பு இதழைக் காய வெச்சு, கொதிக்க விட்டு, சக்கரையும் இஞ்சியும் போட்டு ஒரு அண்டா நிறைய வெச்சிருந்தாங்க. காராமணிச் சோறு. வெளியே கொட்டு கொட்டுன்னு மழை. நான் நாற்காலியில, துணி இல்லாம, வழுக்கை பளிச்சுன்னு தெரிய உக்காந்து படிச்சுக்கிட்டிருக்கேன். படியில யாரோ ஏறி வர்ற சத்தம். கண்ணாடியில பாத்தா, வாசல்ல அத்தை!

தாகேதாவுல யாரோ புண்ணியவதி அவங்க காதுல போட்டுட்டா, பொண்ணுக்குத் தலையில வியாதின்னு. நேரா எங்க வீட்டுக்குப் போயிருக்காங்க. எங்கம்மா பயத்துல கடை இருக்கிற இடத்தை உளறிட்டாங்க. குடை மடங்கி, தொப்பலா நனைஞ்சு, மூச்சு வாங்க நின்னாங்க. முடிஞ்சது என் கல்யாணம்னு நினைச்சேன். துணியைத் தேடி எந்திரிக்கப் போனேன். அக்கா என் தோளை அழுத்தினாங்க.

"எங்க போற? பாதியில இருக்கு, படி."

"அக்கா... அவங்க..."

"யாரா இருந்தாலும் ஏறி வந்தவங்க கேக்கத்தான் வந்திருக்காங்க. படி நீ."

அத்தைக்கு ஒரு துண்டைக் கொடுத்து, பக்கத்து நாற்காலியில உக்கார வெச்சு, கையில சிவப்புத் தண்ணி டம்ளரைத் திணிச்சாங்க. என்னைப் பத்தி ஒரு சமாதானம் சொல்லலை, மன்னிப்புக் கேக்கலை. நான் படிச்சேன். அமெரிக்காவுல தெற்கே ஒரு துறைமுக ஊர்ல ரொம்பக் காலத்துக்கு முந்தி கறுப்புப் பொண்ணுங்க முடியை வெளியே காட்டக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்களாம். துணியால மூடிக்கணும். சரின்னு மூடினாங்களாம். பட்டும் பளபளப்புமா, விதவிதமா முடிச்சுப் போட்டு, கல்லுப் பதிச்சு, மத்தவங்க பொறாமைப்படற அளவுக்குக் கட்டினாங்களாம். படிச்சு முடிச்சு, வழக்கப்படி பர்மீஸ்ல சொன்னேன். யாருக்குச் சொல்றேன்? அத்தைக்குத்தான். கண்ணாடியைப் பாத்தே சொன்னேன், நேரா பாக்கத் தைரியம் இல்லை. கடைசியில, "எனக்கு வியாதி இல்லை அத்தை. நீங்க சொன்னீங்கன்னு நேராக்கப் போயி எரிஞ்சிடுச்சு. மேல தனகா போட்டுட்டேன்"னு அழுகையோட சொல்லிட்டேன்.

"கிரீம் மேல தனகாவா?"ன்னாங்க அத்தை. அக்கா திரும்பி நின்னு தோள் குலுங்கச் சிரிக்கிறது எனக்குத் தெரியுது.

அத்தை சிரிக்கலை. டம்ளரைக் கீழே வெச்சாங்க. தன் கொண்டை ஊசியை எடுத்தாங்க. அந்தக் கொண்டையை அப்படியே கழட்டி மேசை மேல வெச்சாங்க! முழுக்கச் சவுரி. தலையில இருந்தது எலிவாலாட்டம் கொஞ்சூண்டு முடி.

"எங்க மாமியார் தமிழ்க்காரங்க," அத்தை சொன்னாங்க. "பூ வைக்கக் கூட முடியில்லாத பொண்ணை எங்கேருந்துடா பிடிச்சேன்னு உங்க மாமாகிட்ட கேட்டாங்க, நான் பக்கத்துல நிக்கும்போதே. அன்னையிலேருந்து இதை வெச்சிருக்கேன். அவங்க போய்ச் சேந்தும் எடுக்கலை. உங்க மாமாவுக்கே தெரியாது. சொல்லிடாதே."

அப்புறம் தலையைத் தொட்டிப் பக்கம் சாய்ச்சு, "எனக்கும் கழுவி விடும்மா"ன்னாங்க. அக்கா சட்டத்தை மாத்துவாங்களா? "கை என்னுது, வாய் உங்களுது"ன்னு பர்மீஸ்ல சொல்லி ஒரு படப்புத்தகத்தை நீட்டினாங்க. அத்தைக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. படத்தைப் பாத்துப் பாத்து அவங்களா ஒரு கதையை அடிச்சு விட்டாங்க. அந்தப் புத்தகத்தை எழுதினவங்க கேட்டிருந்தா மயக்கம் போட்டிருப்பாங்க. நாங்க வயிறு வலிக்கச் சிரிச்சோம். போகும்போது என்கிட்ட, "முடி எப்படியோ இருந்துட்டுப் போகட்டும். ஆனா முகூர்த்தத்துக்குத் தலை நிறைய மல்லிகை இருக்கணும், அந்தச் சொட்டை வெளியே தெரியக் கூடாது"ன்னு கறாரா சொல்லிட்டுத்தான் போனாங்க. சவுரியைப் பையில போட்டுக்கிட்டாங்க. மாமா பாத்துடுவாரேன்னு படியில நின்னு மறுபடி தலையில வெச்சுக்கிட்டாங்க, அது வேற விஷயம்.

தை மாசம் கல்யாணம். காலையில அக்கா தாகேதாவுக்கு எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. சுத்தியிருந்த என் முடியை, யாரும் நேராக்காத என் சுருட்டை முடியை, ஓரத்திலேருந்து வரப்பு வரப்பா பின்னி, உச்சியில புதுசா முளைச்சிருந்ததை மூடி, கிரீடம் மாதிரி சுத்தி, மல்லிகையை உள்ளே கோத்தாங்க. கண்ணாடியில என்னைப் பாத்தேன். நல்லா இருந்தேன். வாழ்க்கையில முதல் தடவையா எனக்கே அப்படித் தோணிச்சு. போட்டோக்காரப் பையன் வந்தான். "என்னை விட்டுட்டு எடுப்பா"ன்னு அக்கா பின்னாடி ஒதுங்கினாங்க. அந்த நேரம் பாத்து பூச்சரம் நழுவிச்சு. ரெண்டு கையையும் நீட்டிப் பிடிச்சாங்க. அவன் கேமராவைத் தட்டிட்டான்.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாடிக்குக் கொண்டு போனேன். நடுவுல நான் பல்லைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டிருக்கேன். என் தலைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கறுப்புக் கை.

"கை தெரியுதே," அக்கா முகம் சுருங்கிச்சு.

"தெரியட்டும்கா. பேரும் எழுதப் போறேன். பேரில்லாம யாரும் சுவத்துல இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"உன் பேரை எழுது. என் பேரை எழுதக் கூடாது. சுவத்துல இருக்கிறவங்க செஞ்சவங்க. நான் கொண்டு வந்து கொடுத்தவ. கடுதாசி கொண்டு வந்த தபால்காரன் பேரை யாராவது உறை மேல எழுதுவாங்களா? எங்கேயும் எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைச்சேன். வேற வழி?

அப்புறம் நாலஞ்சு வருஷம் நான் அங்கேயே கிடந்தேன். வெள்ளைக் கிரீம் வேலையை விட்டுட்டு அக்காகிட்ட பின்னக் கத்துக்கிட்டேன். அவங்க அம்மா காலமானாங்க. கொஞ்ச நாள்ல அமெரிக்காவுலேருந்து போன் வந்துச்சு. அந்தக் கடைக்கார அம்மா படுத்த படுக்கையாம், கையெல்லாம் நடுக்கமாம். அக்கா அன்னைக்குப் பூரா புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கினாங்க. மறுநாள், "அவங்க தலையை இப்ப யாரு பின்னுவா? தெரியாதவங்க இழுத்து இழுத்துப் பின்னுவாங்க, வலிக்கும்"னாங்க. அவ்வளவுதான். சாவியை என் கையில கொடுத்தாங்க. ஒரே ஒரு சின்னப் பெட்டியோட கிளம்பினாங்க. புத்தகம் எல்லாம் இங்கேயே.

ஏர்போர்ட்டுக்கு நானும் எங்க வீட்டுக்காரரும் போனோம். நான் ஒரு திட்டத்தோடதான் போனேன். இங்க சுவரும் இல்லை, சீப்பும் இல்லை, அந்தம்மா படமும் இல்லை. இங்க சொன்னா வாங்கித்தானே ஆகணும்? "அக்கா, ரொம்ப நன்றிக்கா"ன்னு சொல்லிட்டேன். அவங்களுக்குப் புரிஞ்சு போச்சு. கை தானா மேல போச்சு, எதையோ காட்ட. சுத்து முத்தும் பாத்தாங்க. காட்ட ஒண்ணும் கிடைக்கலை. தூக்கின கையை என் உச்சந்தலையில வெச்சாங்க, அந்தப் பழைய சொட்டை இருந்த இடத்துல. கொஞ்ச நேரம் வெச்சிருந்துட்டு உள்ளே போயிட்டாங்க. நான் வீடு வர்ற வரைக்கும் அழுதேன்.

இப்ப மாடி என் பொறுப்பு. ஊர் நிலைமை உங்களுக்கே தெரியும். கரெண்டு இருக்கிற நேரத்தை விட இல்லாத நேரம் ஜாஸ்தி. தெரிஞ்ச முகங்கள்ல பாதிப் பேரு வெளிநாடு போயாச்சு. இருந்தாலும் கயித்து மணி அடிக்குது. ஜூன் மாசம் அண்டாவுல சிம்பவுங் கொதிக்குது, அத்தைதான் வந்து இஞ்சி தட்டிப் போடுவாங்க. சவுரியை எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. மாமா இன்னும் கவனிக்கவே இல்லையாம்.

போன வாரம் ஒரு சின்னப் பொண்ணு வந்தா. தமிழ் புரியும், பேச வராது. சுருட்டை முடியை நேராக்கித் தரச் சொல்லி வந்தவ, படிச்சு முடிச்சுப் பின்னி முடிச்சதும் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. "சேசூபே அக்கா, சேசூபே"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. சத்தியமா சொல்றேன், நான் யோசிக்கவே இல்லை. என் சீப்பு வால் தானா சுவத்துப் பக்கம் போச்சு. என் கல்யாணப் படத்துல போய் நின்னுச்சு.

அவ கிட்டப் போய்ப் பாத்தா. "இது நீங்க. இந்தக் கை யாரோடது? பேரு போடலையே?"

நான் அவளை நாற்காலியில உக்கார வெச்சு, பேரைச் சொன்னேன். நல்லா சத்தமா, முழுசா, அப்பா பேரோட சேத்து. திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னா. இங்க படிச்சுட்டுப் போற ஒவ்வொருத்திக்கும் சொல்றேன். இன்னைக்கு இந்த ஊர்ல எத்தனையோ வாய்க்கு அந்தப் பேரு தெரியும். அக்கா எழுதக் கூடாதுன்னுதான் சத்தியம் வாங்கினாங்க. சொல்லக் கூடாதுன்னு வாங்க மறந்துட்டாங்க.

உங்களுக்கும் சொல்லுவேன். ஆனா இது எழுத்தாப் போச்சே. சூலே பக்கம் வந்தா கயித்தை இழுங்க, ஏறி வாங்க.